பச்சை மைக் கையெழுத்தும் 49 வாக்குகளும்: ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வழக்கு

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தல் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. தோற்றவர் அதே தொகுதியில் ஏற்கெனவே மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். முடிவை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது, வழக்கில் அவருக்குக் கிடைக்க வேண்டிய விடை மட்டும் வரவில்லை. அவருடைய அரசியல் வாழ்க்கையின் நடுவில் கிடக்கும் இந்த ஐந்து வருடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருவருடைய பெயரையும் போடவில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை, பொது ஆவணங்களில் இருக்கிறது. பெயரைப் போட்டால் வாசிக்கிறவர்கள் உடனே கட்சிக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள் என்பதால் தவிர்க்கிறேன். தோற்றவரை மனுதாரர் என்றும் மற்றவரை வென்றவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவன். தேர்தல் பணிக்குப் போய், தபால் வாக்குப் போட்டவன். இந்த வழக்கின் மையத்தில் இருப்பது என்னைப் போன்றவர்களின் வாக்கு. அதனால் இதை ஒதுங்கி நின்று எழுத என்னால் முடியாது.

பின்னணி

ராதாபுரம் தமிழகத்தின் தென்கோடித் தொகுதிகளில் ஒன்று. ஒரு பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையமும் இடிந்தகரை, உவரி போன்ற கடலோர ஊர்களும். இன்னொரு பக்கம் காற்றாலைகள், பனங்காடு, மழையை நம்பிக் கிடக்கும் குளங்கள். எந்தத் தேர்தலிலும் இங்கே முதல் பேச்சு தண்ணீர்தான். ராதாபுரம் கால்வாயில் தண்ணீர் வருமா, தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்பு எப்போது முடியும் என்று கேட்காத ஊர் அப்போது கிடையாது.

மனுதாரர் 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் சைக்கிள் சின்னத்தில் முதல் முறை வென்றார். 2001-ல் சுயேச்சையாக நின்று வென்றார். 2006-ல் தி.மு.க.வின் உதயசூரியனில் வென்றார். தொடர்ந்து மூன்று தேர்தல், மூன்றிலும் வேறு வேறு சின்னம். தமிழ்நாட்டில் சுயேச்சையாக நின்று சட்டமன்றம் போவது எவ்வளவு அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், ஊரில் அவருக்கென்று தனியாக ஒரு வாக்கு இருந்தது புரியும். 2011-ல் கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி காங்கிரஸுக்குப் போனது. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த தே.மு.தி.க. வென்றது. அப்படி ஐந்து வருடம் முன்னாள் உறுப்பினராக இருந்துவிட்டுத்தான் 2016-ல் மறுபடி களத்துக்கு வந்தார். எதிரில் அ.தி.மு.க. சார்பில் நின்றவர் ஒரு வழக்கறிஞர்.

எண்ணிக்கை நாள்: 2016 மே 19

வாக்குப்பதிவு மே 16, எண்ணிக்கை மே 19. கடைசியில் அறிவித்த கணக்கு: வென்றவருக்கு 69,590, மனுதாரருக்கு 69,541. இருவரும் சேர்ந்து வாங்கிய 1,39,131 வாக்குகளில் வித்தியாசம் 49. அதே நாளில் காட்டுமன்னார்கோவிலில் 87 வாக்கில் முடிவு வந்தது. அதைவிடவும் இது குறைவு.

இவ்வளவு நெருக்கமான எண்ணிக்கையில் இரண்டு இடங்களில் பிரச்சினை எழுந்தது. ஒன்று, 203 தபால் வாக்குகள் தள்ளுபடியானது. இன்னொன்று, இயந்திர வாக்குகளின் 19, 20, 21-ஆம் சுற்றுகள் எண்ணப்பட்ட விதம். இரண்டாவதைப் பற்றி வெளியில் இருந்து நான் அதிகம் சொல்ல முடியாது. எண்ணும் அறைக்குள் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது சாட்சியம் சம்பந்தப்பட்டது. முதலாவதைப் பற்றி நிறையச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

அந்த 203 உறைகள்

தேர்தல் பணிக்குப் போகிறவர் தன் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது. 2016-ல் இருந்த முறைப்படி அவருக்குத் தபால் வாக்குச்சீட்டு கிடைக்கும். கூடவே ஒரு சின்ன உறை, ஒரு பெரிய உறை, ஓர் உறுதிமொழிப் படிவம். வாக்குச்சீட்டில் குறியிட்டுச் சின்ன உறையில் போட்டு ஒட்ட வேண்டும். 13ஏ எனப்படும் உறுதிமொழிப் படிவத்தில் வாக்குச்சீட்டின் வரிசை எண்ணை எழுதி, ஓர் அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறகு சின்ன உறையையும் படிவத்தையும் பெரிய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

யார் சான்றொப்பம் இடலாம்? 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 24-ஆவது விதி இதைச் சொல்கிறது. தேர்தல் பணியில் இருப்பவருக்கு எந்த கெசட்டட் அலுவலரும் (அரசிதழில் நியமனம் வெளியாகும் பதவியில் இருப்பவர்) இடலாம், அல்லது அவர் பணி செய்யும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் இடலாம்.

விதி இவ்வளவுதான். பயிற்சி நடக்கும் பள்ளி மண்டபத்தில் அது எப்படி நடக்கும் என்பது வேறு கதை. மதியச் சாப்பாடு முடிந்து, இயந்திரத்தை இயக்கிக் காட்டும் வகுப்பு தொடங்கும் முன்னால் இருக்கும் அரை மணி நேரத்தில்தான் எல்லோரும் இந்தப் படிவத்தைக் கையில் எடுப்பார்கள். "சார், பச்சை மைக்காரர் யாராவது இருக்காங்களா?" என்று ஒருவர் கேட்பார். கெசட்டட் அலுவலர் என்றால் எங்கள் பேச்சில் பச்சை மைக்காரர். யாரோ ஒருவரைச் சுற்றி வரிசை நிற்கும். அவர் முழங்காலில் பலகையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். முத்திரைக்கட்டை இருந்தால் குத்துவார். இல்லாவிட்டால் பதவியைக் கையால் எழுதுவார். தலைமை ஆசிரியர்கள் எங்களோடுதான் பயிற்சிக்கு வந்திருப்பார்கள். நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளியில் மாணவர்களின் சான்றிதழ்களுக்கு அவர் போடும் கையெழுத்து செல்லும்போது இதற்கு ஏன் செல்லாது என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

ராதாபுரத்தில் சிக்கியது அங்கேதான். அந்த 203 வாக்குகளின் உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர், அவர் கெசட்டட் அலுவலர் இல்லை என்று சொல்லி எண்ணிக்கை மேசையில் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

தள்ளுபடி என்றால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய உறையைத் திறந்ததும் முதலில் படிவத்தைத்தான் பார்ப்பார்கள். படிவம் சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன உறையைத் திறக்கவே மாட்டார்கள். குறிப்பு எழுதித் தனியாக வைத்துவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய வாக்கு யாருக்குப் போட்டது என்று தள்ளுபடி செய்கிறவருக்கும் தெரியாது. போட்டவருக்கு அது தள்ளுபடியானதே தெரியாது. தெரிவிக்கும் முறை எதுவும் நம்மிடம் இல்லை. காலையில் நான்கு மணிக்கு எழுந்து வேறு ஊர் வாக்குச்சாவடியில் நாள் முழுக்க மற்றவர்களின் வாக்கைப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்தவர்கள் அவர்கள். தங்கள் வாக்கு ஒரு மேசையில் ஒதுங்கிக் கிடந்ததை அறியாமலே மறுவாரம் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் வேட்பாளர்கள் இருவரையும்விட அவர்கள்தான் எனக்கு முதலில் மனதில் வருகிறார்கள்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 203-உம் செல்லத்தக்கவை, எல்லாம் இந்த இருவருக்கே விழுந்தவை என்று வைத்துக்கொள்வோம். மனுதாரருக்கு 126, வென்றவருக்கு 77 என்றால் இருவரும் சரியாக 69,667-ல் நிற்பார்கள். அப்போது சட்டப்படி சீட்டுக் குலுக்கல்தான். மனுதாரருக்கு 127 என்றால் முடிவு மாறும். அதாவது நூற்றுக்கு 62 பேருக்குச் சற்று மேல் அவருக்குப் போட்டிருக்க வேண்டும். நடக்க முடியாத விஷயமும் இல்லை, நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. திறந்து எண்ணினால்தான் தெரியும்.

வழக்குப் போடுவது என்ற முடிவு

முடிவு அறிவிக்கும் முன்னால் என்றால் மறு எண்ணிக்கை கேட்கலாம். காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அறிவித்தபின் அந்தக் கதவு மூடிவிடும். அப்புறம் ஒரே வழி, 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. அதற்கும் 45 நாள் கெடு. பிணைத்தொகை 2,000 ரூபாய்தான். ஆனால் வேறு நிபந்தனைகள் கறாரானவை. எதிர்மனுதாரர்களுக்குக் கொடுக்கும் மனுவின் ஒவ்வொரு நகலிலும் இது உண்மை நகல் என்று மனுதாரரே தன் கையால் கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும். கெடு, தரப்பினர், பிணைத்தொகை சம்பந்தமான பிரிவுகளை மீறினால் மனுவை விசாரிக்காமலே தள்ளிவிடச் சட்டம் சொல்கிறது. சான்றொப்பத்தால் போன வாக்குகளுக்கு நியாயம் கேட்டுப் போகிறவரும் சான்றொப்பத்தில் தவறாமல் இருக்க வேண்டும்!

மனுதாரருக்கு எதிரில் இருந்த நிலைமை இது. அவர் கட்சி ஆட்சிக்கு வரவில்லை. வழக்கில் ஜெயித்தாலும் எதிர்க்கட்சி வரிசையில் ஓர் இடம்தான் கூடும். தேர்தல் வழக்குகள் இழுத்துக்கொண்டே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொகுதியில் தினமும் ஆட்களைப் பார்த்துக்கொண்டு அடுத்த தேர்தலுக்குத் தயாராகலாம் என்பது ஒரு வழி. அவர் வழக்கையும் எடுத்துக்கொண்டார்.

அதில் அவருக்குக் கைகொடுத்தது குறிப்பான விவரம். வாக்குகளை மறுபடி எண்ணு என்று ஒருவர் கேட்டதும் நீதிமன்றம் எண்ண உத்தரவிடாது. வாக்கின் ரகசியம் காக்கப்பட வேண்டும், போதுமான விவரங்களை எடுத்து வைக்காமல் வாக்குச்சீட்டுகளைப் பார்க்க விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. 'எண்ணிக்கையில் முறைகேடு நடந்தது' என்று பொதுவாக எழுதும் மனுக்கள் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். இங்கே எத்தனை வாக்கு, என்ன காரணத்துக்காகத் தள்ளப்பட்டது, அந்தக் காரணம் விதிப்படி ஏன் தப்பு, வித்தியாசம் எவ்வளவு என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. வித்தியாசம் 49, தள்ளுபடி 203. செல்லத்தக்க வாக்கை முறையின்றி மறுத்ததால் முடிவு பாதிக்கப்பட்டது என்று காட்டினால்தான் தேர்தல் செல்லாது என்று கேட்க முடியும். அந்த இரண்டாம் பாதியை இந்த இரண்டு எண்களே பேசின.

மூன்று வருடமும் நான்கு மாதமும்

தேர்தல் மனுவை முடிந்தவரை விரைவாக விசாரித்து, ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தின் 86-ஆவது பிரிவே சொல்கிறது. இந்த வழக்கில் மறு எண்ணிக்கைக்கான உத்தரவு வந்தது 2019 அக்டோபர் 1-ஆம் தேதி. மே 2016-லிருந்து எண்ணினால் மூன்று வருடத்துக்கு மேல்.

அந்த மூன்று வருடம் சாதாரணமான காலமாகவும் இருக்கவில்லை. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 122 பேர் வாக்களித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். சட்டமன்றத்தில் ஒவ்வோர் ஆளாகத் தலை எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ராதாபுரத்தின் இருக்கை யாருக்கு உரியது என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தில் இருக்க, வென்றவர் முழு உரிமையோடு சபையில் இருந்தார். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. முடிவை ரத்து செய்யும்வரை அவர்தான் உறுப்பினர். வழக்கில் தன் பக்கத்தை வாதாடுவதும் அவர் உரிமை. தாமதத்தின் பழியை ஒரே ஆள் தலையில் கட்ட முடியாது.

உயர் நீதிமன்றம் எடுத்த முடிவு

நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பமிடத் தகுதியானவர்தான் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. எனவே அந்த 203 வாக்குகளைத் தள்ளியது சரியில்லை. அவற்றை எண்ண வேண்டும், 19, 20, 21-ஆம் சுற்றுகளின் இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ண வேண்டும் என்று உத்தரவிட்டது.

தேர்தல் செல்லாது என்று நேரடியாக அறிவித்திருக்கலாமே என்று சில ஆசிரிய நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உறைகள் பத்திரமாக இருக்கும்போது அதற்கு அவசியம் இல்லை. மறுதேர்தல் என்றால் ஒரு தொகுதி முழுவதும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். உறையைத் திறந்தால் 2016 மே மாதம் அந்த 203 பேர் என்ன நினைத்தார்களோ அது அப்படியே வெளியே வரும். வாக்காளரின் முடிவுக்கு அதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சட்டக் கேள்வியில் ஒரு வருத்தம் இருக்கிறது. ஒரு பதவி கெசட்டட் பதவியா என்பது அரசாணையைப் பார்த்தால் தெரிகிற விஷயம். எண்ணிக்கைக்கு முன்னாலேயே மாவட்ட அளவில் ஒரு பட்டியல் போட்டு மேசைக்கு மேசை ஒட்டியிருந்தால் போதும். மூன்று வருட வழக்கின் பாதி அப்போதே எழுந்திருக்காது.

2019 அக்டோபர் 4

வாக்குகளும் இயந்திரங்களும் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்தன. அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. இரு தரப்பு ஆட்களும் இருந்தார்கள். ராதாபுரத்தில் டீக்கடை டீக்கடையாகத் தொலைக்காட்சி முன்னால் கூட்டம் நின்றிருக்கும். கிட்டத்தட்ட எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, தங்கள் உறுப்பினர் யார் என்பது ஒரு நீதிமன்றக் கட்டடத்தில் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் வென்றவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருந்தார். எண்ணிக்கைக்குத் தடை கிடைக்கவில்லை. ஆனால் முடிவை அக்டோபர் 23 வரை அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணி முடித்தார்கள், முடிவைச் சொல்லவில்லை. பிறகு அந்தத் தடை நீண்டது. நீண்டுகொண்டே போனது.

தடை தந்ததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மேல்முறையீடு நிற்கும்போது முடிவை வெளியிட்டு, நாளைக்கு அந்த உத்தரவே தவறு என்று ஆனால், ஒரே தொகுதிக்கு இரண்டு வெற்றியாளர்கள் இருப்பதைப் போன்ற குழப்பம் வரும். அதனால் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதை என்னால் ஏற்க முடிகிறது. எத்தனை நாள் என்பதுதான் ஏற்க முடியாதது. உறுப்பினர் பதவிக்கு ஐந்து வருடம் என்று ஆயுள் எழுதியிருக்கிறது. அதைப் பற்றிய வழக்குக்கு அப்படி ஓர் ஆயுள் இல்லை.

பிறகு நடந்தவை

2019 போனது. 2020 கொரோனாவில் போனது. 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி அடுத்த சட்டமன்றத் தேர்தல் வந்தது. 15-ஆவது சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அந்த மறு எண்ணிக்கையின் முடிவு வெளியே வரவில்லை. 203 பேர் யாருக்கு வாக்களித்தார்கள் என்று தெரியாமலே அவர்கள் வாக்களித்த சட்டமன்றம் முடிந்துபோனது.

2021-ல் ராதாபுரத்தில் அதே இருவர் மறுபடி நேருக்கு நேர் நின்றார்கள். மே 2-ஆம் தேதி எண்ணிக்கையில் மனுதாரர் ஐயாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பத்து வருடம் சபைக்கு வெளியே இருந்தவர் உள்ளே போனார். பத்து நாள் கழித்து, மே 12-ஆம் தேதி, அதே சபை அவரைப் பேரவைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. மற்றவர் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அவருடைய பாதையும் அங்கே நின்றுவிடவில்லை. 2025-ல் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானார்.

ஆக, இருவருடைய அரசியல் வாழ்க்கைக்கும் இந்த வழக்கு முட்டுக்கட்டையாகவில்லை. மனுதாரருக்கு நீதிமன்றத்தில் கிடைக்காத விடை வாக்குச்சாவடியில் கிடைத்தது என்று சிலர் சொல்வார்கள். அவர் அளவில் அது உண்மை. ஆனால் 2021 வெற்றி 2016-ன் கேள்விக்குப் பதில் இல்லை. 2016-ல் வாக்களித்தவர்களுக்கு யார் பிரதிநிதியாக இருந்திருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அந்தச் சட்டமன்றம் முடியும்வரை அதற்குப் பதில் வரவில்லை.

குஜராத்திலும் இதே கதை

இது ராதாபுரத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று விட முடியாது. 2017 டிசம்பரில் குஜராத் தேர்தலில் தோல்கா தொகுதியில் வெற்றி வித்தியாசம் 327. தள்ளுபடியான தபால் வாக்குகள் 429. அங்கேயும் தோற்றவர் வழக்குப் போட்டார். வென்றவர் மாநிலத்தின் சட்ட அமைச்சராகவே ஆகிவிட்டார். 2020 மே 12-ஆம் தேதி குஜராத் உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. மூன்றே நாளில், மே 15-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்தது.

நெருக்கமான தேர்தல்களில் தபால் வாக்குகளைக் கட்டாயமாக மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது. தோல்கா வழக்கில் அது பின்பற்றப்படாததே பெரிய விஷயமானது. அப்படிச் சரிபார்ப்பது முடிவு அறிவிக்கும் முன்னால், வேட்பாளர்களும் முகவர்களும் சுற்றி நிற்கும்போது நடக்கிற ஒரு மணி நேர வேலை. அறிவித்த பிறகு அதே வேலைக்கு வருடக்கணக்கில் ஆகிறது.

மாறியது, மாற வேண்டியது

சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் வாக்கை வீட்டுக்கு எடுத்துப் போகாமல், பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வசதி மையத்திலேயே வாங்கி, அங்கேயே போட்டுவிட வேண்டும் என்று 2023-ல் விதி திருத்தப்பட்டது. அந்த மையத்தில் சான்றொப்பமிட அலுவலர் இருப்பார். பச்சை மைக்காரரைத் தேடி அலையும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. 2025 செப்டம்பரில் ஆணையம் இன்னொன்றைச் சொன்னது. தபால் வாக்கு எண்ணி முடிந்த பிறகுதான் இயந்திர வாக்குகளின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும். தபால் வாக்குகளின் கணக்கு கடைசி நேர அவசரத்தில் மறைந்துபோகாமல் இருக்க இது உதவும்.

இவை போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. எண்ணிக்கை முகவராகப் போகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, தபால் வாக்கு மேசைக்குப் புதுப்பையனை அனுப்பாதீர்கள். இயந்திர மேசையில் எண் வருவதைக் குறித்துக்கொண்டால் போதும். தபால் மேசையில் விதி தெரிந்த ஆள் உட்கார வேண்டும். ஓர் உறையை ஒதுக்கினால் என்ன காரணம் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே காரணத்தில் பத்து உறைக்கு மேல் போனால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடியில் தரும், பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகலை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சுற்றுகளைப் பற்றி நாளைக்குச் சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

அலுவலர்கள் பக்கத்தில், சான்றொப்பமிடத் தகுதியானவர்கள் யார் யார் என்ற பட்டியலை எண்ணிக்கைக்கு முன்பே எல்லா வேட்பாளர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அப்போதே வரட்டும். யாருக்குச் சாதகம் என்று தெரியாத நேரத்தில் எடுக்கும் முடிவில் சண்டை குறைவாக இருக்கும்.

நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. இருந்தாலும் ஒன்று தோன்றுகிறது. மறு எண்ணிக்கை மட்டுமே கேட்கும் வழக்குகளையும், லஞ்சம், மிரட்டல் என்று நீண்ட சாட்சியம் தேவைப்படும் வழக்குகளையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. 203 உறையைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குத் தேவைப்பட்டது ஓர் அரசாணையும் ஒரு விதியும். சட்டம் சொல்லும் ஆறு மாதம் இப்படிப்பட்ட வழக்குக்காவது நடக்கக் கூடிய காலம்.

வாக்காளர் பக்கத்தில் நான் கேட்பது சின்ன விஷயம். தபால் வாக்கு தள்ளுபடியானால் போட்டவருக்கு ஒரு கடிதம் வர வேண்டும். படிவத்தில் அவர் பெயரும் விலாசமும் இருக்கின்றன. 'உங்கள் வாக்கு இன்ன காரணத்தால் எண்ணப்படவில்லை' என்று ஒரு வரி போதும். சின்ன உறையைத் திறக்காததால் ரகசியமும் கெடாது. ராதாபுரத்தில் அப்படி 203 கடிதங்கள் போயிருந்தால், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் எத்தனை ஆசிரியர்கள் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கள் தலைமை ஆசிரியர் அறைக்குள் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.